மேற்கோள் கணக்கின் பூர்வ கதை

வைத்திய ஆராய்ச்சியாளர் ஒருவரின் பெருமையை, அவர் எழுதிய கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் எடுத்தாண்ட தடவைகள் எத்தனை என்று எண்ணிச் சொல்லும் வழக்கம் இன்று உலகெங்கும் வேரூன்றியிருக்கிறது. ஆயினும் அதன் பிறப்பிடம் வக்கீல்களின் புத்தக அலமாரியே. 1873-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் பிராங்க் ஷெப்பர்டு என்பவர், ஒரு தீர்ப்பைப் பிற்கால நீதிபதிகள் எந்தெந்த வழக்கில் ஆதாரமாகக் கொண்டனர், எதில் தள்ளினர் என்ற விவரத்தைச் சிறு காகிதத் துண்டுகளில் அச்சிட்டு, பின்புறம் பசை தடவி விற்றார். வக்கீல்கள் அவற்றை வாங்கித் தத்தம் தீர்ப்புத் தொகுதிகளில் உரிய பக்கத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். பழைய தீர்ப்பு இன்னும் செல்லுமா என்று அறிய அந்தத் துண்டே போதுமானதாயிருந்தது.

ஷெப்பர்டின் ஸ்தாபனத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற வில்லியம் அடேர் எழுதிய கடிதத்தின் மூலமாக, வைத்தியப் பிரசுரங்களுக்கு அட்டவணை தயாரிக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த யூஜின் கார்பீல்டுக்கு இந்த ஏற்பாடு தெரியவந்தது. 1955-இல் 'சயன்ஸ்' இதழில், விஞ்ஞானக் கட்டுரைகளுக்கும் இத்தகைய அட்டவணை வேண்டும் என்ற தம் யோசனையை அவர் வெளியிட்டபோது, பிழையென்று மறுக்கப்பட்ட கட்டுரையை அதை அறியாமலே ஒருவன் பிரமாணமாகக் கொண்டு ஏமாறலாகாது என்பதை முக்கியமாக வற்புறுத்தினார். ஆளை அளக்கும் கருவியாக அவர் அதைத் தொடங்கவில்லை. பின்பு 1961-ஆம் ஆண்டின் 613 இதழ்களை ஆராய்ந்து, சுமார் 14 லட்சம் மேற்கோள்களை அடக்கிய முதல் அட்டவணை அச்சேறியது.

தேடுவதற்கென்று செய்த அட்டவணை நாளடைவில் மனிதரை நிறுக்கும் தராசாயிற்று. 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற பௌதிக அறிஞர், குறைந்தது 20 தடவை எடுத்தாளப்பட்ட கட்டுரைகள் ஒருவருக்கு 20 இருந்தால் அவருடைய எண் 20 என்ற விதமாகச் சூத்திரம் வகுத்தார். அந்த எண் நியமனக் குழுக்களின் மேஜைக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் மிக அதிகமாக, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை, எடுத்தாளப்பட்டிருப்பது, புரதத்தை அளவிடும் முறையை விளக்கி ஆலிவர் லௌரியும் சகாக்களும் 1951-இல் எழுதிய கட்டுரை. முறையைக் கையாண்டவர்கள் அதைக் குறிப்பிடுவது மரபாதலால், உபகரணம் போன்ற எழுத்துக்கே எண்ணிக்கை பெருகுகிறது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் சரித்திரத்தைப் பார்க்கும்போது இந்தத் தராசின் குறை எனக்கு மிகவும் உறுத்துகிறது. 1925-இல் அவரும் சைரஸ் பிஸ்கேயும் பாஸ்பரஸை அளக்க ஒரு முறை கண்டார்கள்: மாதிரியில் மாலிப்டேட்டும் ஒடுக்கும் பொருளும் சேர்த்தால் நீல நிறம் எழும்; அந்நீலத்தின் ஆழத்தை, அளவு தெரிந்த கரைசலின் நீலத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவார்கள். அக்கட்டுரை தலைமுறை தலைமுறையாக எடுத்தாளப்பட்டது. பின்னர் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் போலிக் அமிலம் செயற்கையாக உருவாயிற்று. நம் கடலோர மாவட்டங்களில் வீடு வீடாகக் கொடுத்த யானைக்கால் நோய் மாத்திரையும் அங்கே பிறந்ததே. அவர் குழுவினர் தயாரித்த அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொண்டு, இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நிவாரணம் அளிக்க முடிந்ததைச் சிட்னி பார்பர் என்ற வைத்தியர் 1948-இல் வெளியிட்டார். அந்தக் கட்டுரையின் தலைப்பில் உள்ள ஐந்து ஆசிரியர் பெயர்களில் சுப்பாராவின் பெயர் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் காலமானார்.