ஏடு நடத்தக் கல்லூரி எதற்கு?

எழுதத் தெரிந்தவன் எழுதுகிறான்; அதற்கொரு கல்லூரியா? பட்டம் பெற்றுத்தான் பத்திரிகையாளன் ஆக வேண்டுமா? இப்படிக் கேட்போர் உண்டு. மாற்றார் மட்டுமல்ல, நம் தோழர்களும் கேட்கின்றனர். அவர்கள் காட்டும் சான்றுகள் எளிதில் தள்ளத்தக்கவையும் அல்ல. பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்ட பெரியார்தான் 1925 மே 2-ஆம் நாள் ஈரோட்டிலே 'குடிஅரசு' தொடங்கினார். பள்ளி இறுதித் தேர்விலே தேறாத கலைஞர்தான் 1942-இல் திருவாரூரிலே 'முரசொலி' எழுப்பினார். எந்தப் பல்கலைக்கழகம் இவர்களுக்கு இதழியல் பட்டம் வழங்கிற்று?

கேள்வி கூர்மையானது. விடை காண வரலாற்றைப் புரட்டுவோம்.

1878-ஆம் ஆண்டு சென்னையிலே 'இந்து' ஏட்டைத் தொடங்கியோர் அறுவர். ஆசிரியப் பணியிலிருந்தோர் இருவர். சட்டம் பயின்ற மாணவர் நால்வர். கையிலிருந்த முதல், கடனாகப் பெற்ற 1 ரூபாய் 12 அணா. அச்சிட்டது 80 படிகள். இதழியல் வகுப்பிலே அவர்கள் அமர்ந்ததில்லை, உண்மை. ஆனால் ஆங்கிலக் கல்வி அவர்களுக்கு இருந்தது. கூடிப் பேச இலக்கியச் சங்கம் இருந்தது. வழக்கு மன்றத்தையும் அரசாங்கத்தையும் அறிந்த சுற்றம் இருந்தது. கல்லூரி என்று பெயர்ப்பலகை மாட்டாத கல்லூரி அது! அதன் வாயில் எல்லோருக்கும் திறந்திருந்ததா? அதுதான் கேள்வி.

திறக்காத வாயிலின் முன்னே நின்றவர்கள் தாமே வாயில் அமைத்துக்கொண்டனர். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழை நடத்தலானார். இழிவென ஊர் சொன்ன பெயரையே ஏட்டின் நெற்றியிலே பொறித்த நெஞ்சுரம் அது. அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19-இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளியிட்டார். 1914-இல் மறையும்வரை எழுதினார். 1916-இல் கூடிய பார்ப்பனரல்லாதார் தலைவர்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, ஏடு நடத்தக் கூட்டு நிறுவனம் அமைத்ததுதான். 1917-இல் ஆங்கிலத்திலே 'ஜஸ்டிஸ்', தமிழிலே 'திராவிடன்', தெலுங்கிலே 'ஆந்திரப் பிரகாசிகா' என மூன்று ஏடுகள் அவர்களின் குரலாய் ஒலித்தன. ஆங்கில ஏட்டின் பெயரே கட்சியின் பெயராகிவிட்டது! மேடையைவிட ஏடு முந்தியது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அதே சென்னையிலேதான் 1920-இல் இந்தியாவின் முதல் இதழியல் வகுப்பும் பிறந்தது. அடையாற்றிலே அன்னி பெசன்ட் அம்மையார் அமைத்த தேசியப் பல்கலைக்கழகத்திலே அது நடந்தது. மாணவர்கள் அவருடைய 'நியூ இந்தியா' ஏட்டிலே தொழில் பழகினர். நீதிக் கட்சியைக் கடுமையாகத் தாக்கிவந்த ஏடு அது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேரின் குரலைத் தாங்க நம்மவர் தனி ஏடு காணவேண்டியிருந்த அந்நகரிலேயே, செய்தித் தொழிலுக்கு முதல் பாடம் மாற்றாரின் முகாமிலே தொடங்கிற்று. அவ்வகுப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. எனினும் ஒன்றை அது அறிவித்துவிட்டது: செய்தி எழுதுவது பிறவிப் பேறு அல்ல, கற்பித்தால் வரும் கலை.

கடல் கடந்தும் பார்ப்போம். அங்கேரியில் பிறந்த ஜோசப் புலிட்சர், 1864-இல் அமெரிக்காவில் கால் வைத்தபோது ஆங்கிலமே அரைகுறை. கல்லூரிப் பட்டம் இல்லை. உழைத்து உயர்ந்து பேரேடுகளின் அதிபரானார். அவர் என்ன செய்தார்? "நான் படிக்கவில்லையே, உயரவில்லையா?" என்று மார்தட்டினாரா? இல்லை! இதழியல் கல்லூரி காண 20 இலட்சம் டாலர் வழங்கினார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1912-இல், கொலம்பியா பல்கலைக்கழகத்திலே அக்கல்லூரி திறந்தது. முதல் வகுப்பிலேயே பெண்களும் அமர்ந்தனர். 1935-இல் அது பட்டதாரிகளுக்கு மட்டுமான மேற்படிப்புக் கல்லூரி ஆயிற்று. 1938-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம், ஏற்கெனவே பணியிலிருக்கும் செய்தியாளரை அழைத்து ஓராண்டு பயிலச் செய்யும் நீமன் திட்டத்தைத் தொடங்கியது. கல்லாமல் உயர்ந்தவர், பின்வருவோர் கல்லாமல் இடர்ப்படக் கூடாது என்று எண்ணினார். நம் தோழர்கள் கருதவேண்டிய பண்பு இது.

நம் நாட்டிலே 1941-இல் இலாகூரிலும், 1947-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இதழியல் துறைகள் தோன்றின. 1965-இல் டில்லியிலே இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் எழுந்தது. 2000-இல் ஆசிய இதழியல் கல்லூரி பெங்களூரிலிருந்து சென்னைக்கு வந்தது. கல்லூரிகள் பெருகின. செய்திக்கூடத்தின் முகம் மாறிற்றா?

1996-இல் டில்லிப் பத்திரிகையாளர் பி.என். உனியால், தலைநகரிலே தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த செய்தியாளர் ஒருவரேனும் உண்டா எனத் தேடினார். ஒருவரும் கிட்டவில்லை என்று எழுதினார். 2006-இல் அதே டில்லியிலே 37 ஊடகங்களில் முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்த 315 பேரை ஆய்ந்தனர். தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் ஒருவர்கூட அந்த 315-இல் இல்லை! ஏகலைவனுக்குக் கட்டைவிரலாவது கேட்கப்பட்டது. இவர்களுக்கோ வில்லே காட்டப்படவில்லை.

இப்போது தோழர்களின் கேள்விக்கு வருவோம். பெரியாரும் கலைஞரும் கல்லூரி காணாதவர்கள். ஆயின் கல்லூரி கண்டவர்கள்! ஈரோட்டுக் குருகுலம் என்று நாம் பெருமையோடு சொல்வது எதை? பச்சையப்பன் கல்லூரியிலே எம்.ஏ. பட்டம் பெற்ற அண்ணா, 'ஜஸ்டிஸ்', 'விடுதலை', 'குடிஅரசு' ஏடுகளிலே பழகி, பிறகன்றோ 1942-இல் 'திராவிட நாடு' தந்தார்? கலைஞரும் 'குடிஅரசு' அலுவலகத்திலே துணையாசிரியராக இருந்தவரன்றோ? அச்சுக்கூடமே வகுப்பறை, மெய்ப்புத் திருத்தலே பாடம், அடக்குமுறையே தேர்வு. அந்தக் கல்லூரி எவரிடமும் குலம் கேட்கவில்லை, கட்டணம் கேட்கவில்லை. ஆகவே, பட்டம் வேண்டாம் என்பதன்று நம் வரலாறு தரும் பாடம். பயிற்சி எல்லோருக்கும் வேண்டும் என்பதே பாடம்.

எதற்கு இவ்வளவு வற்புறுத்தல்? திருவண்ணாமலையைப் பாருங்கள். முழுநிலா நாள்தோறும், நான் வாழும் அடி அண்ணாமலை வழியே, மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர்ப் பாதையிலே மக்கள் வெள்ளம். கூட்டத்தின் கணக்கு மறுநாள் ஏட்டிலே வரும். விடியலிலே அந்தக் குப்பையை வாருபவரின் கூலிக்கணக்கை ஏட்டிலே தேட வேண்டும். 2024 டிசம்பர் 1-ஆம் நாள், பெருமழையிலே அதே மலைச்சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகர் வீட்டின்மேல் விழுந்தது. எழுவர் மாண்டனர், அவர்களுள் ஐவர் சிறார். விதி என்று எழுத ஒரு வரி போதும். சரிவிலே குடியேற ஏழையைத் துரத்தியது எது, மண்ணின் தன்மை என்ன, மழைநீர் செல்லும் வழி எங்கே, எச்சரிக்கை யாருக்குச் சென்றது என்று எழுத, நிலநூல் தெரிய வேண்டும். அரசு ஆவணம் படிக்கத் தெரிய வேண்டும். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையாளத் தெரிய வேண்டும். இவை ஆர்வத்தால் மட்டும் வருவனவா?

இதே மாவட்டத்துத் தென்முடியனூரிலே, ஏறத்தாழ 80 ஆண்டுகளாக மறுக்கப்பட்டோம் என்று சொன்ன தாழ்த்தப்பட்ட மக்கள், 2023 ஜனவரி 30-ஆம் நாள் காவல்துறைப் பாதுகாப்போடு மாரியம்மன் கோயிலுள் நுழைந்தனர். அன்று அது நாடறிந்த செய்தி. மறுப்பு நிகழ்ந்த ஒவ்வொரு நாளும் செய்தியன்றோ? சேரியிலே பிறந்த பிள்ளை செய்தியாசிரியர் நாற்காலியிலே இருந்தால், அதற்கு 80 ஆண்டுகள் ஆகியிருக்குமா?

2025-இல் தமிழ்நாடு அரசு சென்னையிலே இதழியல் கல்வி நிறுவனம் தொடங்கி, பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பை ஏற்படுத்தியது. வரவேற்போம், வரவேற்றுவிட்டு வாளாவிருக்க வேண்டாம். சிற்றூர்ப் பிள்ளைக்கு உதவித்தொகையும் தங்கும் இடமும் வேண்டும். தமிழிலே தரமான பாடநூல்கள் வேண்டும். மாவட்டங்களிலே பகுதிநேர நிருபராக அலைபவர், வேலையை இழக்காமல் பயில மாலை வகுப்புகள் வேண்டும். ஆசிரியர் நாற்காலி வரை இடப்பங்கீட்டின் உணர்வு செல்ல வேண்டும்.

அடியும் முடியும் காணமுடியாதது என்று புராணம் புகன்ற மலை எங்கள் மலை. அக்கதையிலே, முடியைக் காணாத பிரமன் கண்டதாகப் பொய் சொன்னான். தாழம்பூ சாட்சி சொல்லிற்று. கதையை நாம் நம்பவில்லை. தாழம்பூவை மட்டும் மறக்க வேண்டாம். காணாததைக் கண்டதாகச் சாட்சி சொல்லும் பூக்கள் இன்று அச்சிலும் மலர்கின்றன, திரையிலும் மலர்கின்றன. அடியைத் தேடி இறுதிவரை தோண்டுகிறவனே செய்தியாளன். தோண்டக் கற்றுக்கொடுப்பதற்குத்தான் தோழர்களே, கல்லூரி!