பயண மிதிவண்டி

பயண மிதிவண்டி என்பது சுமையுடன் நெடுந்தொலைவு செல்வதற்கென அமைக்கப்பட்ட மிதிவண்டி ஆகும். இதன் உறுப்புகள் செல்லும் வழிக்கேற்பத் தெரிவு செய்யப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, திருவண்ணாமலையின் 14 கி.மீ. கிரிவலப் பாதைக்குச் சாதாரண மிதிவண்டியே போதுமானது. அதே மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும் சாலைக்கு நல்ல பிரேக் இன்றியமையாதது.

பிரேக்

சக்கர விளிம்பைப் பற்றும் பிரேக் மழையில் வலுவிழக்கும். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிடித்தால் விளிம்பு சூடாகி டியூப் வெடிக்கக்கூடும்; சுமை கூடக் கூட இச்சூடும் மிகும். டிஸ்க் பிரேக் ஈரத்திலும் நன்கு செயற்படும்.

பைகள்

பைகளைப் பின் கேரியரின் இருபுறமும் தாழ்வாகவும் சம எடையுடனும் மாட்டினால் வண்டி தள்ளாடாது. தொங்கும் வார்கள் சக்கரக் கம்பிகளில் சிக்காதவாறு கட்டப்பட வேண்டும்.

இருக்கை

தோல் இருக்கை நாளடைவில் அமர்பவரின் உடலுக்கேற்பப் படியும். எனினும் அதனை மழையில் நனையாமல் காக்க வேண்டும்.