கட்டிய காரும் வாங்கிய காரும்: ராலிப் போட்டியில் செலவின் வரலாறு

வட்டப் பாதையில் எல்லாக் கார்களும் ஒருசேரப் பாயும் பந்தயத்திலிருந்து ராலி எனப்படும் போட்டி வேறுபட்டது. ராலியில் கார்கள் குறித்த இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, பொதுச் சாலைகளையும் காட்டுப் பாதைகளையும் கடந்து, நேரக் கணக்கில் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமரும் வழிகாட்டி அடுத்த திருப்பத்தையும் அடுத்த நேரச் சாவடியையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருகிறார். புகழ்பெற்ற ஓட்டுநர்கள் சிலரையும் கார் நிறுவனங்களின் அணிகள் சிலவற்றையும் நீக்கிப் பார்த்தால், இந்த விளையாட்டை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தாங்கி வந்தவர்கள், வேறு தொழிலில் ஈட்டிய பணத்தைக் கொண்டு விடுமுறை நாட்களில் கார் ஓட்டிய அமெச்சூர்களே ஆவர். சாதாரணக் காரொன்றை வாங்கிப் பட்டறையில் ராலிக் காராகக் கட்டுவதா, பிறர் கட்டி முடித்த காரை விலைக்கு வாங்குவதா என்ற கேள்வி அவர்கள் முன் எப்போதும் நின்றது. இது தனிமனிதரின் சொந்தக் கணக்காகத் தோன்றினாலும், அதற்கு விடை எழுதியவை பெரும்பாலும் போட்டி விதிகளும் நாட்டின் வணிகச் சட்டங்களுமே என்பதை ராலியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

தொடக்க காலத்தில் இந்தக் கேள்வி எழவே இல்லை. 1911 ஜனவரியில் முதல் மாண்டி கார்லோ ராலி நடந்தபோது, ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து புறப்பட்டவர்கள் தங்கள் சொந்தப் பயணக் கார்களிலேயே வந்து சேர்ந்தனர். வந்து சேர்ந்த நேரத்தோடு காரின் அழகும் பயணிகளின் வசதியும் வண்டி வந்தடைந்த நிலையும் மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. வீட்டில் நிற்கும் காரே போட்டிக் காராகவும் இருந்ததால், கார் வைத்திருக்கும் வசதி படைத்தவர் எவரும் அதற்கென்று தனியாகப் பெருஞ்செலவு செய்ய வேண்டியிருக்கவில்லை.

இந்த எளிய நிலையை விதியாகவே எழுதி வைத்த போட்டி கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்தது. இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவை ஒட்டி 1953இல் கென்யா, உகாண்டா, தங்கனிக்கா ஆகிய நாடுகளின் மண்சாலைகளில் நடத்தப்பட்டு, பிற்காலத்தில் சஃபாரி ராலி என்று பெயர் பெற்ற அந்தப் போட்டியில், கார்களை இன்ஜினின் கொள்ளளவைக் கொண்டு பிரிக்காமல் உள்ளூர் விற்பனை விலையைக் கொண்டே வகுப்புகளாகப் பிரித்தனர். விற்பனைக் கூடத்திலிருந்து வெளிவந்த நிலையிலேயே கார் ஓட வேண்டும் என்பதும், ஒரே விலையுள்ள கார்களில் எது இந்த நாட்டுச் சாலையைத் தாங்கும் என்பதை வாங்குவோர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதும் அதன் நோக்கங்கள். சர்வதேசப் போட்டிகளின் வரிசையில் சஃபாரி இடம்பெற்றபின் விலை வகுப்புகள் கைவிடப்பட்டு, பிற நாடுகளில் வழங்கிய இன்ஜின் கொள்ளளவு முறை வந்தது. செலவையே போட்டியின் அளவுகோலாக வைத்த அந்த ஏற்பாடு சில ஆண்டுகளே நீடித்தாலும், செல்வத்தின் வேறுபாட்டை விதியால் சமன்செய்ய முடியும் என்பதற்கு அது அரிய சான்றாகும்.

அதே சஃபாரியே, கட்டுவதும் வாங்குவதும் ஒரே காரில் கூடிவந்த நிகழ்வையும் தந்தது. கென்யாவில் பிறந்த சீக்கியரும் தொழிலால் மெக்கானிக்குமான ஜோகிந்தர் சிங், 1964ஆம் ஆண்டுப் போட்டிக்கு வால்வோ நிறுவனம் அனுப்பிய பிவி 544 வகைக் கார்களில் ஒன்றைப் பழைய காராக வாங்கி, அதைத் தம் குடும்பத்தாரின் கைகளாலேயே மறுபடி செப்பனிட்டு, சகோதரர் ஜஸ்வந்த் சிங்கை வழிகாட்டியாகக் கொண்டு 1965ஆம் ஆண்டு வெற்றி பெற்றார். நிறுவனங்களின் அணிகளைத் தனியார் ஒருவர் வென்ற அந்த நிகழ்வின் பின்னே இருந்த பொருளாதாரம் கவனிக்கத் தக்கது. காரின் அடிப்படைத் தயாரிப்புக்கான பெருஞ்செலவை நிறுவனம் முந்தைய ஆண்டே ஏற்றுவிட்டது. ஜோகிந்தர் சேர்த்தது தம் உழைப்பும் அந்தச் சாலைகளைப் பற்றிய அறிவும்தான்.

போட்டியில் ஓடிய கார் அதைக் கட்டிய செலவைவிடக் குறைந்த விலைக்கு விற்பது ராலி உலகில் பொதுவாகக் காணப்படும் ஒன்று. கட்டி முடித்த வீடு நாளாக ஆக மதிப்பில் ஏறும் என்று நம்பி ஒருவர் கடன் வாங்கலாம். ராலிக் கார் கட்டுபவருக்கு அந்த நம்பிக்கை கிடையாது. அதை வாங்கக்கூடியவர் சிலரே. அது அடிபட்ட வண்டி என்ற ஐயம் வாங்குபவர் மனத்தில் எப்போதும் இருக்கும். கட்டியவர் பட்டறையில் செலவிட்ட மாலை நேரங்களுக்கு எவரும் விலை தர மாட்டார். ஆகவே வெறும் பணத்தை மட்டும் கணக்கிட்டால், பழைய ராலிக் காரை வாங்குபவர் முதல் உரிமையாளரின் இழப்பை ஆதாயமாகப் பெறுகிறார். கட்டுபவருக்கோ வேறு இரண்டு நன்மைகள் உண்டு: செலவைப் பல மாதங்களுக்குப் பங்கிட்டு, கையில் பணம் வரும்போது ஒவ்வொரு பாகமாக வாங்கலாம், நள்ளிரவில் காட்டுப் பாதையில் வண்டி நின்றுவிட்டால் எந்த போல்ட் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

கட்டுபவர்களின் பொற்காலம் என்று சொல்லத் தக்கது 1960களின் இறுதி முதல் 1980 வரையிலான பிரிட்டன் ஆகும். 1960 தொடங்கி அந்நாட்டின் ஆர்ஏசி ராலி அரசின் வனப் பாதைகளைப் பயன்படுத்தத் தொடங்கியதால், பொதுப் போக்குவரத்து இல்லாத சரளைப் பாதைகளில் வேகமாக ஓடுவதற்கு ஏற்ற உறுதியான கார்கள் தேவைப்பட்டன. 1968இல் வெளிவந்த ஃபோர்டு எஸ்கார்ட் அந்தத் தேவையை நிறைவு செய்தது. முன்பக்க இன்ஜின், பின்சக்கர இயக்கம், ஒரே இரும்புக் குழாயாகப் பின்சக்கரங்களை இணைக்கும் அச்சு என அதன் அமைப்பு எளிமையானது. ஃபோர்டின் வேறு கார்களுக்குச் செய்த பல பாகங்கள் அதில் பொருந்தின. இன்ஜின் அறையில் கைவைத்து வேலை செய்யப் போதிய இடமும் இருந்தது. 1970இல் லண்டனிலிருந்து மெக்சிகோ வரை நடந்த உலகக் கோப்பை ராலியில் ஹன்னு மிக்கோலாவும் குன்னார் பாமும் எஸ்கார்ட்டில் வென்றதும், எளிய இன்ஜினுடன் எஸ்கார்ட் மெக்சிகோ என்ற பெயரில் ஒரு வகையை ஃபோர்டு பொதுமக்களுக்கு விற்றது. அமெச்சூர்கள் அதை வாங்கி, வேலை நாட்களில் அலுவலகத்துக்கும் வார இறுதியில் காட்டுக்கும் ஓட்டிச் சென்றனர்.

எஸ்கார்ட்டின் வெற்றிக்கு அதன் வேகத்தைவிட ஆழமான காரணம் ஃபோர்டு வகுத்த விற்பனை முறையில் இருந்தது. எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தின் போர்ஹாமில் இயங்கிய நிறுவனத்தின் போட்டிப் பிரிவு தன் அணிக்காக உருவாக்கிய வலுவான அச்சு, கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் பாகங்கள் ஆகியவற்றை, ராலி ஸ்போர்ட் விற்பனையாளர்கள் எனப்பட்ட தனிக் கடைகள் வழியாக எவரும் வாங்க முடிந்தது. விபத்தில் நசுங்கிய பழைய எஸ்கார்ட்டிலிருந்து இன்ஜினையும், புதிதாக வாங்கிய வெற்றுக் கூட்டையும், கடையில் வாங்கிய அச்சையும் சேர்த்து, வீட்டுக் கொட்டகையில் ஒருவர் கட்டிய கார், ஓட்டுநரின் திறமை ஒத்துழைத்தால், நிறுவன அணியின் காருக்கு அருகில் வர முடிந்தது. 1972 முதல் 1979 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆர்ஏசி ராலியை எஸ்கார்ட்டே வென்றது. ஃபோர்டு தன் அணியைக் கலைத்த பின்னும், டேவிட் சட்டன் நடத்திய தனியார் அணியின் எஸ்கார்ட்டில் ஓடிய ஆரி வட்டானென் 1981இல் உலகப் பட்டம் பெற்றார். பட்டறையில் கட்டிய காருக்கும் உலகப் பட்டத்துக்கும் இடையிலான தூரம் அந்தக் காலத்தில் இருந்த அளவுக்குப் பின்னர் எப்போதும் குறையவில்லை.

அந்தத் தூரத்தைக் கூட்டியவற்றுள் முதலாவது ஹோமோலகேஷன் எனப்படும் அங்கீகார முறையின் மாற்றம். குறிப்பிட்ட எண்ணிக்கையில் விற்பனைக்காக உற்பத்தி செய்யப்பட்ட காரே போட்டியில் ஓடலாம் என்பது இந்த முறையின் அடிப்படை. எண்ணிக்கை அதிகமாக இருந்தால் போட்டிக் கார் மக்கள் வாங்கும் காரை ஒத்திருக்கும், குறைவாக இருந்தால் அது போட்டிக்கென்றே செய்த தனி இயந்திரமாகிவிடும். 1982இல் அறிமுகமான குரூப் பி பிரிவுக்கு 200 கார்களே போதும் என்று விதி வகுக்கப்பட்டதால், நிறுவனங்கள் சந்தையில் விற்கும் கார்களோடு பெயரளவில் மட்டும் ஒத்த, மிகுந்த ஆற்றல் வாய்ந்த கார்களைச் செய்தன. பிரிட்டனின் ஆஸ்டின் ரோவர் நிறுவனம் செய்த எம்ஜி மெட்ரோ 6ஆர்4 காரின் விலை சுமார் 40,000 பவுண்டு. உயிரிழப்புகளைத் தொடர்ந்து 1986ஆம் ஆண்டு முடிவில் குரூப் பி தடை செய்யப்பட்டதும், விற்காமல் நின்ற கார்கள் சுமார் 16,000 பவுண்டுக்குக் கொடுக்கப்பட்டன. எந்த அமெச்சூரும் தன் கொட்டகையில் அந்தத் தொகைக்கு அத்தகைய காரைக் கட்டியிருக்க முடியாது. விதியின் ஒரே ஒரு மாற்றம், கட்டுவதைவிட வாங்குவதை ஒரே நாளில் மலிவாக்கியது.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. கார் உருண்டாலும் உள்ளிருப்போர் நசுங்காமல் காக்கும் எஃகுக் குழாய்க் கூண்டான ரோல் கேஜ், உடலைச் சுற்றி அணைக்கும் இருக்கை, பல முனைப் பட்டி, தீயணைப்புக் கருவி ஆகியவை படிப்படியாகக் கட்டாயமாயின. எஃப்ஐஏ எனும் சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பின் தர முத்திரை பெற்ற இருக்கைகளுக்கும் பட்டிகளுக்கும் குறிப்பிட்ட ஆண்டுகளே ஆயுள் என்பதால், ஒருமுறை கூட அடிபடாத பாகத்தையும் காலம் முடிந்ததும் மாற்றியாக வேண்டும். இந்தச் செலவு நியாயமானது, தவிர்க்கக் கூடாதது. ஆயினும் பழைய ராலிக் காரை மலிவாக வாங்கியதாக எண்ணுபவர், கூண்டின் சான்றையும் இருக்கையின் தேதியையும் பார்க்கத் தவறினால், மிச்சப்படுத்திய பணத்தை மறுபடி செலவிட நேர்வது இதனால்தான்.

குரூப் பிக்குப் பின் உலகப் போட்டியின் மையத்துக்கு வந்த குரூப் ஏ பிரிவும், அதனினும் குறைவான மாற்றங்களையே அனுமதித்த குரூப் என் பிரிவும் தொடக்கத்தில் 5,000 கார்களின் உற்பத்தியைக் கோரின. கடையில் கிடைத்த மிட்சுபிஷி லேன்சர் எவல்யூஷனையோ சுபாரு இம்ப்ரெசாவையோ வாங்கி, கூண்டும் சஸ்பென்ஷனும் பொருத்தி ஓட்டும் வழி இவ்வாறு மீண்டும் திறந்தது. 2013இல் வந்த ஆர்5 பிரிவு வேறொரு தீர்வை முன்வைத்தது: நிறுவனம் கட்டி முடித்த நான்கு சக்கர இயக்கக் காரை வரி நீங்கலாக 1,80,000 யூரோவுக்கு மேல் விற்கக் கூடாது என்று எஃப்ஐஏ உச்ச விலை நிர்ணயித்தது. செலவு கட்டுக்குள் வந்தது உண்மை; அதே வேளையில், அங்கீகார ஆவணத்தில் உள்ள பாகத்தை அதே நிறுவனத்திடம் வாங்கி அப்படியே பொருத்த வேண்டும் என்ற நிலை வந்ததால், அந்தப் பிரிவில் பட்டறைக்காரரின் கைவேலைக்கு இடம் இல்லாமல் போயிற்று.

இந்தியாவில் இதே கேள்விக்கான விடையை எழுதியது நாட்டின் தொழிற் கொள்கை. உரிமமும் இறக்குமதித் தடையும் நிலவிய காலத்தில், வெளிநாட்டு ராலிக் காரை வாங்கி வருவது பெரும்பாலானோருக்கு இயலாத காரியம். அம்பாஸடர், பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட் 1100, சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றுக்குள்தான் தேர்வு அடங்கியது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயங்களையும், ஊர் விட்டு ஊர் செல்லும் தென்னிந்திய ராலியையும் நடத்தியபோது, அவற்றில் கலந்துகொண்டவர்கள் கட்டுபவர்களாக இருந்தே தீர வேண்டியிருந்தது. 1,089 சிசி ஃபியட் இன்ஜினின் தலைப்பகுதியை இழைத்து அழுத்தத்தைக் கூட்டுவது, கார்புரேட்டரை மாற்றுவது, ஸ்பிரிங் பட்டைகளை வலுப்படுத்துவது, டிங்கரிங் பட்டறையில் அடித்தட்டுக்குக் கூடுதல் தகடு வைத்து வெல்டிங் செய்வது ஆகியவை அக்காலத்தின் கைமுறைகள்.

நெசவு இயந்திரங்களுக்கும் பம்புகளுக்குமாக வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் நிறைந்த கோயம்புத்தூர் இந்தத் துறையில் முன்னணி நகரமானதற்கு இந்தச் சூழல் முக்கியக் காரணம் எனலாம். கடையில் கிடைக்காத பாகத்தைக் கடைந்தெடுக்கும் கை அங்கே ஏற்கெனவே இருந்தது. 1983 இறுதியில் மாருதி 800 வந்ததும், அதன் 796 சிசி இன்ஜினையும் கியர்பாக்ஸையும் கொண்டு எஸ். கரிவரதன் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். தென்னிந்திய ராலியில் பலமுறை வென்ற ஜி.ஆர். கார்த்திகேயனின் மகன் நரேன் கார்த்திகேயன் 1990களின் தொடக்கத்தில் அந்த வகைக் காரில்தான் பந்தய வாழ்க்கையைத் தொடங்கி, பின்னர் 2005இல் ஃபார்முலா ஒன் போட்டியில் ஓடிய முதல் இந்தியரானார். ராலியிலோ, 1985இல் வந்த மாருதி ஜிப்ஸி அதே பங்கை ஆற்றியது: உறுதியான சட்டமும் நான்கு சக்கர இயக்கமும் எங்கும் கிடைக்கும் உதிரி பாகங்களும் கொண்ட அந்த வண்டி, இந்தியாவின் அமெச்சூர்களுக்கு எஸ்கார்ட்டுக்கு நிகராக விளங்கியது.

கிழக்கு ஆப்பிரிக்கா, பிரிட்டன், தென்னிந்தியா ஆகிய மூன்று இடங்களின் வரலாறும் ஒரே முடிவுக்கு இட்டுச் செல்கிறது. விலைப் பட்டியலை மட்டும் ஒப்பிட்டால், பழைய காரை வாங்குவதே பெரும்பாலும் சிக்கனமானது. புதிதாகச் சேர விரும்புவோருக்கு அது நல்ல வழியும்கூட. ஆனால் அப்படி வாங்குவதற்குக் கார் இருக்க வேண்டுமானால் முன்பே ஒருவர் அதைக் கட்டியிருக்க வேண்டும். அவ்வாறு கட்டுபவர்கள் தோன்றியதோ, பரவலாக விற்கும் காரும் வெளிச் சந்தையில் கிடைக்கும் பாகமும் மாற்றத்துக்கு இடம் தரும் விதியும் ஒருங்கே அமைந்த இடங்களில்தான். உச்ச விலை நிர்ணயிப்பது செல்வர்களுக்கிடையிலான போட்டியை நேர்மையாக்கலாம். மெக்கானிக்கையும் கடைக்காரரையும் ஆசிரியரையும் ஓட்டுநர் இருக்கைக்குக் கொண்டுவர அது போதாது. எனவே ராலியை நடத்தும் கழகங்கள் புதிய விதிகளை எழுதும்போது, பாதுகாப்பில் சிறிதும் விட்டுக்கொடுக்காமல், உள்ளூர்ப் பட்டறையில் கட்டக்கூடிய ஒரு பிரிவையாவது காத்து வைப்பது கடமையாகும். ஜோகிந்தர் சிங்கையும் கோயம்புத்தூர்ப் பட்டறைகளையும் இந்த விளையாட்டுக்குத் தந்தது அத்தகைய இடம்தான்.