நிறுவையில் ஏறாத வேலை

ஜொகூர் மாநிலத்து மாசாய் வட்டார ரப்பர் தோட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பால்மரம் வெட்டியவர்களைச் சொல்வார்கள், கங்காணியைச் சொல்வார்கள், 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தையும் அதை வழிநடத்திய பி. பி. நாராயணனையும் சொல்வார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையை யாரும் சொல்வதில்லை. நான் அங்கே வளர்ந்தவள். என் அம்மா பால்மரம் வெட்டியவர்.

வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் குறைந்துவிடும். அதனால் விடியுமுன்பே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பெண்கள் உளியும் வாளியுமாக வந்து, தூங்குகிற பிள்ளையைக் கொட்டகையில் போட்டுவிட்டு நிரைக்கு ஓடுவார்கள். "ஆயாம்மா, சின்னவனுக்கு உடம்பு கணகணன்னு இருக்கு, பாத்துக்குங்க." அவ்வளவுதான் பேச நேரம். பலகைச் சுவர், தகரக் கூரை, உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். பால்மாவு கரைப்பதும் குளிப்பாட்டுவதும் காய்ச்சல் கண்டால் டிரஸ்ஸருக்குச் சொல்லியனுப்புவதும் ஆயாவின் வேலை. எங்கள் ஆயாவும் ஒரு காலத்தில் மரம் வெட்டியவர்தான். பால் வாளிகளைக் காண்டாக் கழியில் தூக்கித் தோள் விட்டுப்போன பிறகு கொட்டகைக்கு வந்தார்.

அம்மாவின் பால் ஸ்டோரில் நிறுக்கப்பட்டது. கிராணி மெட்ரோலாக் என்ற அளவுகருவியை அமிழ்த்தி அதில் எவ்வளவு ரப்பர் தேறும் என்று பார்த்துக் கணக்கெழுதினார். பால் கூடினால் காசு கூடும். ஒட்டுப்பாலுக்கும் விலை உண்டு. ஆயாவுக்கு நாள் கூலி மட்டுமே. பிள்ளை அழுகிறதென்று எந்தத் தாயும் பாதி நிரையில் திரும்பி வரவில்லை என்பதை எந்தத் தராசில் நிறுப்பது? அம்மா கொண்டுவந்த ஒவ்வொரு வாளியிலும் ஆயாவின் உழைப்பு இருந்தது. சம்பளக் கணக்கேடான செக்ரோலில் அது ஏறவில்லை. இது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

பெண்களின் உழைப்பில்லாமல் தோட்டம் நடக்காது; அது துரைமாருக்கும் தெரியும், அரசாங்கத்துக்கும் தெரியும். தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலும் குழந்தைக் காப்பகத்துக்கு இடமிருக்கிறது. கட்டடத்தைப் பற்றிச் சட்டம் பேசுகிறது. அதற்குள் இருந்தவளைப் பாராட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை.

1977இல் பக்கத்துப் பாசிர் கூடாங்கில் துறைமுகம் திறந்தது. ஆலைகள் வந்தன, தாமான்கள் எழுந்தன, பால்மரக் காடுகள் மறைந்தன. தோட்டம் மூடும்போது ஆட்குறைப்புப் பணம் 1980ஆம் ஆண்டு விதிகளின்படி கணக்கிடப்படும்: ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் அந்தக் கணக்கு. காலமெல்லாம் குறைந்த கூலி வாங்கியவருக்குக் கடைசிப் பணமும் குறைவுதான்.

அந்தக் கொட்டகைகளில் வளர்ந்தவர்கள் பலர் இன்று ஆசிரியர்களாகவும் தாதியராகவும் இருக்கிறார்கள். மாசாய் தமிழ்ப்பள்ளியில் அவர்கள் பேரப்பிள்ளைகள் படிக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பாட்டியிடம் இந்த வாரமே கேளுங்கள்: "எங்க அப்பாவப் பாத்துக்கிட்ட ஆயா யாரு?" அவர் சொல்லும் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி வையுங்கள். பள்ளி மலரிலோ கோயில் மலரிலோ அந்தப் பெயர்களை அச்சிடுங்கள்.