மூலமொழி எது? மதனப்பள்ளி வட்டாரத்து உலகத் தொடர்புகளும் மொழிபெயர்ப்பும்

சமுதாய மாற்றத்தையும் இயற்கைச் சூழற் காப்பையும் நோக்கமாகக் கொண்ட உலகளாவிய கூட்டமைப்புகளின் வரலாற்றை எழுதுவோர் மாநாடுகள், தீர்மானங்கள், தலைவர்களின் பயணங்கள் ஆகியவற்றையே விரிவாகக் கூறுகின்றனர். அக்கூட்டமைப்புகளின் எழுத்துகள் முதலில் எம்மொழியில் உருவாயின, எம்மொழியினர் பெறுவோராக மட்டும் நின்றனர் என்னும் வினாக்கள் அவ்வரலாறுகளில் அரிதாகவே எழுகின்றன. மூலமொழி எதுவோ அம்மொழியினரே ஒரு கருத்தைத் திருத்தும் உரிமையைப் பெறுகின்றனர் என்பது இக்கட்டுரையின் கருத்து. சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியையும் அதன் சுற்றுப்புறத்தையும் களமாகக் கொண்டு இக்கருத்து ஈண்டு ஆராயப்பெறுகிறது.

சித்தூர் மாவட்டம் 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரிக்கப்பட்ட வட்டங்களைக் கொண்டு அமைக்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலம் தோன்றும்வரை அது சென்னை மாகாணத்தின் பகுதியாகவே இருந்தது. திருப்பதி, சித்தூர், புத்தூர்ப் பகுதிகளில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கியதை வடக்கெல்லைப் போராட்ட வரலாறு அறிந்தோர் நன்கறிவர். கடப்பையிலிருந்து வந்த மதனப்பள்ளியில் தெலுங்கின் ஆட்சியே மிகுதி. 2022ஆம் ஆண்டு மாவட்டச் சீரமைப்புவரை அவ்வூர் சித்தூர் மாவட்டத்திலேயே இருந்தது. மழை குறைந்த இவ்வட்டாரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெளிநாட்டார் பலரை ஈர்த்தது. அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயர் தாங்கிய பிரம்மஞானக் கல்லூரி 1915இல் இங்குத் தோன்றியது. டென்மார்க்கு நாட்டு மருத்துவர் பிரிமோட் மோலரின் பெயரோடு இணைந்த ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையும் அந்தப் பத்தாண்டினதே.

கல்லூரியின் முதல்வராக விளங்கிய ஜேம்ஸ் கசின்ஸ் பெல்பாஸ்ட் நகரில் 1873இல் பிறந்த கவிஞர். அவர்தம் துணைவியார் மார்கரெட் கசின்ஸ் அயர்லாந்தில் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தை 1908இல் தோற்றுவித்தோருள் ஒருவர். அப்போராட்டத்தில் சிறை சென்றவர். முறையாக இசை பயின்று பட்டம் பெற்றவர். இருவரும் 1915இல் இந்தியா வந்தனர். மார்கரெட் மதனப்பள்ளியில் தொடங்கிய மகளிர் அமைப்பின் பெயர் 'அபலா அபிவர்த்தினி சமாஜம்' என்பது. 'அபலா' என்பது வலிமையற்றவள் என்னும் பொருளில் பெண்ணைக் குறிக்கும் வடசொல். வாக்குரிமைக்காகச் சிறை சென்ற ஒருவர் அச்சொல்லின் நிழலில் ஓர் அமைப்பைத் தொடங்கியது வியப்பளிக்கலாம். தெலுங்கு வழக்கில் மதிப்புடன் வழங்கிய இலக்கியச் சொல் என்ற அளவில் அது ஏற்கப்பட்டிருக்க வேண்டும். தமிழில் அதே சொல் 'அபலை' என்று குறுகி, இரக்கத்திற்குரியவள் என்னும் பொருளோடு நின்றுவிட்டது. 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் அமைந்தபோது அதன் முதற்பெயர் ஆங்கிலப் பெயராகவே இருந்தது. 'அபலா' அதில் இடம்பெறவில்லை. சங்கத்தின் ஏடான 'ஸ்திரீ தர்மம்' ஆங்கிலத்தில் தொடங்கிப் பின்னரே இந்திய மொழிப் பகுதிகளைச் சேர்த்துக்கொண்டது. 1931இல் இலாகூரில் கூடிய அனைத்தாசிய மகளிர் மாநாடும் ஆங்கிலத்தின் துணைகொண்டே நிகழ்ந்தது. ஆசிய மகளிரை ஒன்றிணைக்க வேறு பொதுமொழி அன்று இல்லை என்பது உண்மையே. ஆயினும் தெலுங்கில் தொடங்கிய ஓர் அமைப்பு பெயரளவிலும் ஆங்கிலத்திற்கு மாறிய வரிசை நோக்கத்தக்கது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்வூர் முதன்மை பெறுவது 1919ஆம் ஆண்டு நிகழ்ச்சியால். அவ்வாண்டு பிப்ரவரி இறுதியில் இரவீந்திரநாத தாகூர் கசின்ஸ் தம்பதியரின் விருந்தினராக மதனப்பள்ளியில் தங்கினார். அன்னி பெசன்ட் அமைத்த தேசியப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் அவர் அப்போது இருந்தார். சாந்திநிகேதனத்தில் விசுவபாரதிக்கு அடிக்கல் நாட்டிச் சில திங்களே ஆகியிருந்தன. 1911 டிசம்பர் 27ஆம் நாள் கல்கத்தாக் காங்கிரசு மாநாட்டில் முதலில் பாடப்பெற்ற 'ஜன கண மன' பாடலை மதனப்பள்ளி மாணவர்கள்முன் தாகூரே பாடினார். பிப்ரவரி 28 என்ற நாளே இதற்குப் பெரிதும் சுட்டப்பெறுகிறது. அங்கேயே பாடலின் ஆங்கில ஆக்கத்தையும் தம் கைப்பட எழுதினார். மெட்டை மேலைநாட்டு இசைக்குறியீட்டில் அமைக்கும் பணியில் மார்கரெட் ஈடுபட்டார். இப்பாடலின் முதற்பகுதி 1950 சனவரி 24இல் நாட்டுப்பண்ணாக ஏற்கப்பட்டது யாவரும் அறிந்தது.

அன்றைய அவையினர் எவ்வளவு புரிந்துகொண்டிருப்பர் என்பது மொழியியலார் கேட்க வேண்டிய வினா. பாடலின் மொழி வடசொல் செறிந்த வங்காளம். தெலுங்கும் ஓரளவு தமிழும் அறிந்த மாணவர்க்குப் பெயர்ச்சொற்களில் மிகப்பல முன்பே அறிமுகமானவை. ஆனால் முதற்பகுதியில் வரும் முற்றுவினைகளோ விழித்தல், வேண்டல், பாடுதல் என்னும் பொருளுடைய வடபுல மொழிகளுக்குரிய வினைகள். தென்னிந்தியச் செவிக்கு அவை அயலானவை. எனவே பெயர்கள் விளங்கி வினைகள் விளங்காத ஒரு நிலையில் அப்பாடல் கேட்கப்பட்டிருக்கும். இன்றும் நம் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பாடும் நிலை ஏறத்தாழ இதுவே. பெயர்களைக் கொண்டே ஒருவாறு பொருள் உணரப்படுவதால் இப்பாடல் மொழி எல்லைகளைக் கடந்தது என்று கருத இடமுண்டு.

ஆங்கில ஆக்கம் வேறொரு வழியில் செல்கிறது. மூலத்தில் 'உத்கல' என்றிருப்பது ஆங்கிலத்தில் ஒரிசாவாகிறது. 'பங்க' என்பது பெங்காலாகிறது. மூலத்தில் கடலுக்குப் பெயரில்லை. அது பொங்கும் அலைகடல் மட்டுமே. ஆங்கிலத்தில் அது இந்தியக் கடலாகிவிடுகிறது. உத்கலம் எது என்று மதனப்பள்ளி மாணவர்க்கு விளக்க வேண்டியதில்லை. கடல் எந்நாட்டுக் கடல் என்றும் கூற வேண்டியதில்லை. இம்மாற்றங்கள் நாட்டிற்கு வெளியேயுள்ள வாசகரை நோக்கியவை. மதனப்பள்ளியில் எழுதப்பட்டும் மதனப்பள்ளிக்காக எழுதப்படாத மொழிபெயர்ப்பு அது. வங்காளமும் ஆங்கிலமும் உரையாடிய அவ்விடத்தில் தெலுங்கு விருந்தோம்பும் மொழியாக மட்டும் இருந்தது. இதனைக் குறையாகக் கூறுவதற்கில்லை. தாகூர் தம் மாணவர்க்குப் பாட்டையும் உலகிற்கு உரையையும் தந்தார் எனலாம். ஆனால் உலகத் தொடர்பு என்றால் ஆங்கிலத்தில் எழுதுவதே என்னும் வழக்கத்தின் ஒரு நேர்த்தியான தொடக்கக்காட்சி இது.

இதே மதனப்பள்ளியில் 1895இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, தம்மைத் தலைவராகக் கொண்டு நாடுகள் பலவற்றில் பரவியிருந்த நட்சத்திர சங்கத்தை 1929இல் ஆலந்து நாட்டு ஓமன் முகாமில் தாமே கலைத்தார். சங்கம் மறைந்தது, அவரோடு தொடர்புடைய பள்ளி நின்றது. மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி வேலியில் 1930களின் தொடக்கத்தில் நிலைகொண்ட அப்பள்ளி, வறண்ட பள்ளத்தாக்கை மரம் நட்டும் மண்ணரிப்பைத் தடுத்தும் பசுமையாக்கியது. 1991இல் அப்பகுதி பறவைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

நம் ஆய்வுக்கு இன்னும் பொருத்தமானது 1980களின் பிற்பகுதியில் அங்கு நடந்த வேறொரு பணி. சுற்றியுள்ள சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகளைத் தொடங்கிய பத்மநாப ராவ், ரமா இணையரும் அவர்தம் குழுவினரும், பாடநூலைக் கைவிட்டு அட்டைகளையும் 'ஏணி' எனப்படும் கற்றல் படிநிலை வரைபடத்தையும் உருவாக்கினர். வெவ்வேறு வகுப்பு மாணவர் ஓர் அறையில் அமர்ந்து தத்தம் வேகத்தில் ஏணியில் ஏறுவர். படிக்கத் தெரியாத குழந்தையும் தன் அட்டையைத் தேடிக்கொள்ளும் வகையில் அட்டைகளில் படச் சின்னங்கள் இருந்தன. ஊர்க் கதைகளும் ஊரின் செடிகொடிகளும் பாடப்பொருளாயின. இவற்றின் மூலமொழி தெலுங்கு. அதுவும் அச்சிற்றூர்களின் தெலுங்கு.

1995இல் மைசூர் மாவட்டத்து எச்.டி. கோட்டை வட்ட ஆசிரியர்கள் ரிஷி வேலிக்கு வந்து கண்டதன் விளைவு கன்னடத்து 'நலி கலி'. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முயற்சியால் மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் தமிழகத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது 'செயல்வழிக் கற்றல்'. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வரும்வரை அதன் பல்வேறு வடிவங்கள் நம் வகுப்பறைகளில் இருந்தன. செருமனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகக் கல்வியாளரும் இம்முறையை ஆராய்ந்து தம் நாட்டில் ஏற்றனர்.

இங்கு மொழிபெயர்ப்பு என்பதன் பொருளே மாறுகிறது. ஏணியைத் தமிழுக்குக் கொணரலாம். அட்டையைக் கொணர இயலாது. தெலுங்கு வரிவடிவில் வகரமும் மகரமும் உருவத்தால் நெருங்கியவை. ஒன்றைக் கற்ற குழந்தைக்கு மற்றொன்று எளிது. தமிழில் அவ்விரண்டிற்கும் அத்தகைய உறவில்லை. தமிழில் டகரமும் பகரமும் மகரமும் நேர்கோடுகளால் அமைந்து ஒரு குழுவாக நிற்கும். இம்மூன்றும் புள்ளியும் கைவந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எனச் சொற்கள் உடனே கிடைக்கும். தெலுங்கிலோ இரட்டித்த மெய்க்கு எழுத்தின் அடியில் 'ஒத்து' எழுத வேண்டும். அது பிந்திய படிக்குரியது. ஆகவே எளிமை என்பதன் இலக்கணம் மொழிக்கு மொழி வேறு. தமிழாசிரியர்கள் தம் அட்டைகளைத் தாமே ஆக்க வேண்டியதாயிற்று. அகரவரிசையில் தொடங்காத கற்பித்தல் குறித்துத் தமிழறிஞர் சிலர் வருந்தினர். எழுத்தின் வரிசை வேறு, எழுத்தைக் கற்கும் வரிசை வேறு என்பதே என் கருத்து. பெறுமொழி ஆசிரியர்கள் ஆக்கியோராகவும் ஆன இந்நிலை 1919இல் இல்லாதது. தெலுங்கிலிருந்து கன்னடத்திற்கும் தமிழுக்கும் நேரே சென்ற பின்னரே உலக அரங்கின் ஆங்கிலம் அதைப் பேசத் தொடங்கியது.

மதனப்பள்ளியிலிருந்து வடமேற்கே கதிரி வழியாகச் சென்றால் அனந்தபூர்ப் பகுதியின் சென்னேகொத்தபள்ளியை அடையலாம். அங்கு 1990 முதல் இயங்கும் திம்பக்து கூட்டமைப்பின் இடத்தில் 2014 அக்டோபரில் முதல் 'விகல்ப் சங்கம்' கூடியது. மாற்று வாழ்முறைகளைக் கைக்கொண்ட அமைப்புகள் தம்முள் கற்கும் இக்கூடல் பின்னர்ப் பல மாநிலங்களில் நடந்தது. 2019இல் உலக அளவிலான கூட்டமைப்பு ஒன்றிற்கும் இதில் ஈடுபட்டோர் வழிகோலினர். இப்பெயர் தமிழுக்கு எப்படி வரும்? இந்தியில் 'விகல்ப்' என்பது மாற்று. வடமொழி இலக்கணத்தில் விகல்பம் என்பது விதி உறழ்ந்து வருதல். தமிழில் 'விகற்பம்' வேறுபாட்டைக் குறிக்கும். வெண்பாவின் எதுகை வகையை ஒரு விகற்பம், பல விகற்பம் என்போம். பேச்சிலோ 'விகற்பமாக நினைக்காதே' என்பது தவறாக எண்ணாதே என்பதாகும். ஒலியால் நெருங்கிப் பொருளால் விலகும் இத்தகைய பொதுச்சொற்கள் மொழிபெயர்ப்பாளரை எளிதில் ஏமாற்றுவன. 'மாற்று' என்னும் நம் சொல்லே தகும். அதில் நச்சுமுறிவும் உண்டு, மாற்றுடையும் உண்டு, பொன்னின் தரமும் உண்டு.

2019இல் வெளிவந்த 'புளூரிவர்ஸ்' என்னும் ஆங்கில அகராதித் தொகுப்பு இக்கூட்டமைப்பினரின் சொற்கொள்கையைக் காட்டுகிறது. உபுண்டு, சுவராஜ் முதலிய சொற்களை அது ஆங்கிலப்படுத்தாமல் அப்படியே தருகிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அதில் தலைச்சொல்லாக நிற்கும் 'புவென் விவிர்' என்பது கெச்சுவா மொழியின் 'சுமக் கவ்சாய்' என்பதன் எசுப்பானிய மொழிபெயர்ப்பு. 2008ஆம் ஆண்டு எக்குவடோர் அரசியலமைப்பில் இரண்டும் இடம்பெற்றன. உலகில் பெரிதும் பரவியது எசுப்பானியமே. மதனப்பள்ளியின் 'அபலா' மறைந்து ஆங்கிலப் பெயர் நின்றதற்கு இது தொலைவில் இல்லை.

இவ்வியக்கங்கள் அடிக்கடி பேசும் பொதுநிலம், பொதுவளம் என்னும் கருத்திற்குச் சித்தூர்த் தெலுங்கில் ஒரு சொல் நெடுங்காலமாக வழங்குகிறது: 'போரம்போகு'. சென்னை மாகாண வருவாய்த்துறை வழியாகத் தெலுங்கில் புகுந்த தமிழ்ச்சொல் அது; தீர்வைக்குப் புறமாகப் போன நிலம். சென்னைத் தமிழில் அதுவே வசைச்சொல்லாயிற்று. 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்க வேண்டி டி.எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த பாடல் அவ்வசைச்சொல்லையே தலைப்பாக ஏற்று, அதன் பழைய பொருளை மீட்டது. கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் இடம் எண்ணூர். சித்தூர் மலைகளில் தோன்றும் நகரி ஆறு பூண்டி நீர்த்தேக்கத்தருகே அவ்வாற்றில் சேர்கிறது.