ஒன்றியம்: ஒன்றியதா, ஒன்றாக்கியதா?

மதுரையிலிருந்து பசுமலை, திருநகர் வழியாகத் திருமங்கலம் போகிறவர்கள் கவனித்திருக்கலாம். மாநகராட்சி எல்லை முடிந்ததும் பள்ளிக்கூடங்களின் முகப்புப் பலகையில் எழுத்து மாறும். 'மாநகராட்சி' மறைந்து 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்று வரும். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற தாய் அப்படிச் சொல்லமாட்டாள். அவளுக்கு அது யூனியன் ஸ்கூல். பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) இருக்குமிடம் யூனியன் ஆபீஸ். 'ஒன்றியம்' பலகையிலும் கோப்பிலும், 'யூனியன்' வாயில்.

வாயில் இருப்பதுதான் மூத்த சொல். ரிப்பன் பிரபுவின் 1882 தீர்மானத்தை ஒட்டி, 1884இல் சென்னை மாகாணத்துக்கு உள்ளாட்சி போர்டுகள் சட்டம் வந்தது. மேலே ஜில்லா போர்டு, நடுவில் தாலுகா போர்டு, அடியில் யூனியன். ஒரு கிராமத்தையோ பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சிலவற்றையோ சேர்த்து யூனியன் என்று அறிவிப்பார்கள். வீட்டுவரி வசூலித்து விளக்கும் துப்புரவும் பார்க்கச் சொல்வார்கள். இங்கிலாந்தில் 1834 ஏழையர் சட்டம் பல திருச்சபைப் பங்குகளைக் (பாரிஷ்) கூட்டி அமைத்த தொகுதிக்கும் இதே பெயர்தான். இங்கு வந்த அதிகாரிகளுக்கு அது பழகிய பெயர்.

அந்தப் பழைய யூனியன் வேறு, இன்றையது வேறு. காமராசர் ஆட்சியில் வந்த 1958 ஊராட்சிச் சட்டம் ஜில்லா போர்டை எடுத்துவிட்டு, வளர்ச்சி வட்டாரத்தின் அளவிலேயே பஞ்சாயத்து யூனியனை வைத்தது. 1960 முதல் அவை படிப்படியாக அமைந்தன. இன்று தமிழ்நாட்டில் 388. மதுரை மாவட்டத்தில் 13, அவற்றில் ஒன்று திருப்பரங்குன்றம். 1956 ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு கோப்புகள் தமிழுக்கு வரவர, பஞ்சாயத்து 'ஊராட்சி' ஆனது, யூனியன் 'ஒன்றியம்' ஆனது.

அதற்கு முன் இந்தக் கருத்துக்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. 'ஐக்கியம்' இருந்தது. வடமொழி 'ஏக'த்திலிருந்து பிறந்தது. ஒன்றியம் 'ஒன்று' என்பதிலிருந்து. இரண்டுக்கும் வேர் அதே எண்தான். அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். பசுமலைக்காரர்களுக்கு அந்தச் சொல் கோயில் வழியாகவும் வந்தது. பாஸ்டனிலிருந்து இயங்கிய அமெரிக்கன் போர்டின் மிஷன் 1834இல் மதுரைக்கு வந்து, 1845இல் திருமங்கலத்திலிருந்த தன் செமினரியைப் பசுமலைக்கு மாற்றியது. அமெரிக்கன் கல்லூரி 1881இல் முளைத்ததும் இங்கேதான். கோரிப்பாளையம் போனது பிறகு. இந்த மிஷனரிகள் காங்கிரிகேஷனல் மரபினர். பிஷப் மேலிருந்து ஆள்வதில்லை. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும். நியூ இங்கிலாந்து ஊர்களில் குடிமக்கள் ஒரே கூடத்தில் கூடி வரியையும் செலவையும் கைதூக்கித் தீர்மானிக்கும் வழக்கமும் இந்த மரபோடு சேர்ந்தே வளர்ந்தது. இப்படித் தனித்தனியாக நின்ற சபைகள் 1908இல் பிரெஸ்பிட்டேரியன் சபைகளோடு கூடித் தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. பேசி, இசைந்து, கூடிய கூட்டம் அது.

இங்கேதான் தமிழ் இலக்கணம் உதவிக்கு வருகிறது. ஒன்றுதல் தன்வினை. ஒன்றாக்குதல் பிறவினை. 'ஒன்றியம்' என்ற பெயர்ச்சொல்லோ வினையை விழுங்கிவிட்டு நிற்கிறது. தானே ஒன்றினார்களா, யாரோ ஒன்றாக்கினார்களா என்று அதைப் பார்த்தால் தெரியாது.

அமெரிக்காவின் உச்சியில் இருப்பது தன்வினை. 1776இல் பதின்மூன்று குடியேற்றங்கள் தனி அரசுகளாகத் தங்களை அறிவித்தன. 1787இல் அவற்றுள் பன்னிரண்டு கூடி அரசியலமைப்பை எழுதின. 'ஸ்டேட்' என்பதை நம் முன்னோர் 'நாடு' என்று பெயர்த்தது ஒருவகையில் சரியே. ஆனால் மாநிலத்துக்குக் கீழே இறங்கினால், நம் ஊராட்சி ஒன்றியம்போல அங்கும் பிறவினைதான். மாவட்டம் போன்ற கவுன்டி, நகரம், ஊர் எதைப் பற்றியும் அமெரிக்க அரசியலமைப்பில் ஒரு வார்த்தைகூட இல்லை. நகராட்சி என்பது மாநிலச் சட்டமன்றம் படைத்த பிள்ளை, கொடுத்த அதிகாரம் மட்டுமே அதற்கு உண்டு என்று 1868இல் அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் சொன்னார். அதை இன்றும் டில்லன் விதி என்கிறார்கள். அதிலிருந்து தப்பிக்க மிசௌரி 1875இல் பெருநகரம் தன் சாசனத்தைத் தானே எழுதிக்கொள்ளும் உரிமையைத் தன் அரசியலமைப்பில் வைத்தது.

நம்மூரில் 1992இன் 73ஆம் திருத்தம் ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பிலேயே இடம் தந்தது, 29 துறைகளின் பட்டியலும் தந்தது. எவற்றைக் கொடுப்பது என்பதை மட்டும் மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. காகிதத்தில் நாம் அவர்களைவிடப் பெரிய ஆள். கையில்தான் ஒன்றும் இல்லை. அந்தப் பள்ளிப் பலகையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981இல் அரசு ஊழியர்கள் ஆனார்கள். நியமனம், சம்பளம், மாறுதல் எல்லாம் அரசின் கல்வித்துறையிடம். அமெரிக்காவில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி வட்டாரங்கள் தனி உள்ளாட்சிகளாகவே இயங்குகின்றன. பெரும்பாலானவற்றில் மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம் இருக்கிறது, சொத்துவரியில் பங்கு இருக்கிறது, ஆசிரியரை அமர்த்துவதும் அதுவே. (பணக்கார வட்டாரத்துக்கு நல்ல பள்ளி, ஏழை வட்டாரத்துக்கு இளைத்த பள்ளி என்பது அதன் மறுபக்கம். அந்த விஷயத்தில் நம் ஏற்பாடே மேல் என்பேன்.) மாநிலம் முழுவதையும் ஒரே துறை நடத்தும் ஹவாய் மட்டும் நம்மைப் போல.

இந்திய ஒன்றியம் எந்த வினை? இந்தியா மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும் என்கிறது நம் அரசியலமைப்பின் முதலாம் பிரிவு. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் அதற்குக் காரணம் சொன்னார்: இந்தக் கூட்டாட்சி மாநிலங்கள் செய்துகொண்ட உடன்படிக்கையால் பிறந்தது அல்ல, ஆகவே எந்த மாநிலமும் பிரிந்துபோக முடியாது, பிரியும் உரிமை இல்லை என்று நிலைநாட்ட அமெரிக்கர் ஓர் உள்நாட்டுப் போரே நடத்த வேண்டியிருந்தது. 2021இல் தமிழ்நாடு அரசு 'மத்திய அரசு' என்பதை விட்டு 'ஒன்றிய அரசு' என்று எழுதத் தொடங்கியபோது, டெல்லியைப் பஞ்சாயத்து யூனியன் அளவுக்கு இறக்கிவிட்டார்கள் என்று சிலர் கொதித்தார்கள். அரசியலமைப்பில் உள்ள சொல்தான் என்றார் முதலமைச்சர். வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வந்து தள்ளுபடியானது. கொதித்தவர்கள், மகிழ்ந்தவர்கள் இரு தரப்பினருமே அந்தச் சொல்லை மாநில உரிமையின் குரலாகக் கேட்டார்கள். அம்பேத்கர் விளக்கத்தில் அது பிரியமுடியாமையின் பெயர்.

கொதித்தவர்களின் கேலியில் இன்னொரு நெருடல் உண்டு: யூனியன் என்றால் கேவலம் என்ற நினைப்பு. கேவலமாக்கியது யார்? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊரக உள்ளாட்சிகளுக்கு 2019 டிசம்பர் வரை தேர்தல் நடக்கவில்லை. மதுரை உள்ளிட்ட 28 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் மறுபடியும் பதவிக்காலம் முடிந்து, மறுபடியும் அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். அப்போது ஒன்றியக் கவுன்சிலர் இல்லை, சேர்மன் இல்லை. கட்சிகளின் ஒன்றியச் செயலாளர்கள் மட்டும் பதவியில் நீடித்தார்கள்.