தார்ச்சாலையும் செம்மண்ணும்: ஜொகூரில் சைக்கிள் டயரின் கதை

மலேசிய மாநிலமான ஜொகூரில் சைக்கிள் ஓட்டுபவரின் சக்கரம் இரண்டு தரைகளைச் சந்திக்கிறது. ஒன்று தார்ச்சாலை, அதற்கு மெல்லிய, இறுகக் காற்றடைத்த டயர் போதும். மற்றது தோட்டத்துச் செம்மண் பாதை; வெயிலில் சரளையாகவும் மழையில் சேறாகவும் மாறும் அந்தப் பாதைக்கு அகலமான, மேடுபள்ளம் வார்த்த, காற்று சற்றுக் குறைந்த டயர் வேண்டும். இரண்டுக்கும் ஒரே சைக்கிளை எப்படிப் பயன்படுத்துவது என்ற சிக்கல் இந்த மாநிலத்துக்குப் புதியதல்ல. அதைத் தீர்த்த விதம்தான் காலத்துக்குக் காலம் மாறியது.

டயருக்கும் ஜொகூருக்கும் உள்ள உறவு ரப்பரில் தொடங்குகிறது. 1877இல் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் ஹென்றி ரிட்லி அங்குள்ள தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை வகுத்து, பயிரிடும்படி தோட்டக்காரர்களை ஓயாமல் நச்சரித்தவர் அவர். அதே 1888இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். தொடர்பில்லாத இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் அடுத்த இருபது ஆண்டுகளில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. 1896இல் டான் சாய் யான் மலாக்காவில் வணிக நோக்கில் ரப்பர் நட்டார். தெற்கே ஜொகூரில் காம்பிரும் மிளகும் விளைந்த நிலங்களும், அதுவரை கோடரி படாத காடுகளும் ரப்பர் தோட்டங்களாயின. 1909இல் ஜொகூர் ரயில்பாதை முடிந்தது. 1924இல் சிங்கப்பூருக்கான கடற்பாலம் முறையாகத் திறக்கப்பட்டது. ஆற்றை நம்பியிருந்த மாநிலம் சாலையை நம்பத் தொடங்கியது.

பால் வெட்டும் வேலைக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள், ஆள்சேர்க்கும் கங்காணிகள் மூலம் வந்தனர். லயம் எனப்பட்ட வரிசைக் குடியிருப்பிலிருந்து மர நிரைக்கு நடையே வழி. சைக்கிள் முதலில் கிராணி (தோட்டக் கணக்கர்) போன்றோரின் உடைமை. தொழிலாளி கைக்கு அது மெதுவாகத்தான் வந்தது. 1930களில் மலிவான ஜப்பானிய சைக்கிள்கள் மலாயாவில் பரவியது அதற்கு ஒரு காரணம்.

அன்றைய சைக்கிள் கனமான இரும்புச் சட்டமும் 28 அங்குல எஃகு ரிம்மும் கொண்டது. டயரின் அகலம் ஒன்றரை அங்குலம். சாலைக்குச் சற்றுப் பருமன், சேற்றுக்குச் சற்று மெலிவு என்ற இந்த நடுவாந்திர அளவு, இரண்டு தரைக்கும் ஒரே விடையாக இருந்தது. தரைக்குத் தகுந்தபடி டயர் மாற்றுவது யாருக்கும் தோன்றியிருக்காது. பின்சக்கரத்தைக் கழற்ற நட்டும் செயினும் மட்கார்டு கம்பிகளும் அவிழ வேண்டும். அத்தனை சிரமத்துக்குப் பிறகு மாட்ட இரண்டாவது சக்கரமும் கிடையாது.

இந்த டயர் எவ்வளவு தாங்கும் என்பதை உலகமே கண்டது 1942 ஜனவரியில். 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவிலும் தெற்குத் தாய்லாந்திலும் இறங்கிய ஜப்பானியப் படை, 1,100 கிலோமீட்டரை 55 நாட்களில் கடந்து ஜொகூர் பாருவை அடைந்தது. இதில் சைக்கிளின் பங்கு பெரிது. படைத் திட்டத்தை வகுத்தவர்களில் ஒருவரான மசநோபு சுஜி பின்னாளில் எழுதிய நூலின்படி, ஒரு டிவிஷனுக்கு ஏறத்தாழ 6,000 சைக்கிள்கள். ஒவ்வொரு கம்பெனியிலும் பழுது பார்க்கவே குறைந்தது இரண்டு பேர் இருந்தனர். ஊர்தோறும் ஜப்பானிய சைக்கிள்கள் ஓடியதால் உதிரிப்பாகத்துக்கும் பஞ்சமில்லை. பாலங்கள் தகர்க்கப்பட்ட இடங்களில் வீரர்கள் சைக்கிளைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தனர். லாரி அங்கே நின்றுவிடும்.

வெப்பத்தாலும் சுமையாலும் டயர்கள் வெடித்துக்கொண்டே இருந்தன. ஒட்டி ஒட்டிப் பயனில்லை என்ற நிலை வந்ததும் டயரையே கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினர். இரவில் நூற்றுக்கணக்கான இரும்பு ரிம்கள் தார்மேல் எழுப்பிய இரைச்சலை எதிரிகள் டாங்கிகள் என்று எண்ணிப் பின்வாங்கினர் என்கிறார் சுஜி. வென்றவர் எழுதிய கணக்கு என்பதால் அதில் பெருமிதம் கலந்திருக்கலாம். ஆனால் வெறும் ரிம்மில் ஓட்டியது சாத்தியமானதற்குப் படைவீரரின் உறுதி மட்டும் காரணமல்ல. பிரிட்டிஷ் ஆட்சி ரப்பரையும் வெள்ளீயத்தையும் ஏற்றிச் செல்லப் போட்ட உறுதியான தார்ச்சாலைதான் அடிப்படை. தோட்டத்துச் சேற்றில் வெறும் ரிம் கத்திபோல் புதைந்திருக்கும்.

ஜொகூர் எல்லையை ஒட்டிய கிம்மாஸ் அருகே ஜனவரி 14 அன்று இந்தப் படைக்கு ஒரு பெரிய அடி விழுந்தது. கெமெஞ்சே பாலத்தில் பதுங்கியிருந்த ஆஸ்திரேலியர்கள், நூற்றுக்கணக்கான சைக்கிள் வீரர்களை முன்னே போகவிட்டு, பிறகு பாலத்தைத் தகர்த்துச் சுட்டனர். ஆயினும் முன்னேற்றம் நிற்கவில்லை. ஒரு பிரிவு சிகாமட் வழியாகவும் மற்றொன்று மூவார், பத்து பகாட் கடலோரமாகவும் இறங்கியது. ஜனவரி 31 அன்று, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடற்பாலத்தை வெடிவைத்துப் பிளந்தது.

ஆக்கிரமிப்புக் காலம் ஒரு முரணைக் காட்டியது. கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரம் நின்றாலும் ஓட்ட டயர் கிடைக்கவில்லை. மலாயா பாலைத் தந்தது. டயர் பெரும்பாலும் வேறு நாட்டு ஆலைகளில்தான் உருவாயிற்று. கப்பல் நின்றதும் இறக்குமதி நின்றது. மக்கள் காற்றில்லாத கெட்டி ரப்பரையும் குழாய்த் துண்டுகளையும் ரிம்மில் சுற்றி ஓட்டினர். தோட்டங்களில் வேலை நின்றது; தமிழ்த் தொழிலாளர் பலர் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கேயே மாண்டனர்.

1948இல் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக அவசரகாலம் வந்தபோது சைக்கிள் சந்தேகத்துக்குரிய பொருளாயிற்று. பிரிக்ஸ் திட்டத்தின்படி மக்கள் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். காலையில் தோட்டத்துக்குப் புறப்படுபவர் வாயிலில் சோதனைக்கு நிற்க வேண்டும். காற்றடிக்கும் பம்ப்பிலும் சட்டத்தின் குழாயிலும் அரிசியை ஒளித்துக் காட்டிலிருந்தவர்களுக்குக் கொண்டுபோன கதைகள் அக்காலத்தவை.

பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. வேலைக்குப் போகும் சைக்கிள் ஒதுங்கியது. பல இடங்களில் ரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. குலைகளை ஏற்றிவரத் தோட்டங்களுக்குள் போடப்பட்ட மண்பாதைகள் பிற்காலத்தில் மலைச் சைக்கிள் ஓட்டுவோருக்கு விளையாட்டுக் களமாயின. கலிபோர்னியாவில் 1970களில் உருவான அந்த வகைச் சைக்கிளின் 26 அங்குலச் சக்கரம், பழைய 28 அங்குலத்துக்கு எவ்வகையிலும் பொருந்தாது. ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம் முன்னதில் 559 மில்லிமீட்டர், பின்னதில் 635. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட இந்த எண்ணைப் பார்க்காமல் அங்குலக் கணக்கை நம்பி வாங்குபவர் இன்றும் ஏமாறுவார்.

வாரநாளில் சாலை, ஞாயிறன்று செம்பனைத் தோட்டம் என்று ஒரே சைக்கிளை இருவழியிலும் ஓட்ட உதவியவை இரண்டு மாற்றங்கள். ஒன்று, பின்னர் வந்த 29 அங்குல மலைச் சைக்கிளின் ரிம்மும், 700சி எனப்படும் சாலைச் சைக்கிளின் ரிம்மும் ஒரே 622 மில்லிமீட்டர். இரண்டு ஜோடிச் சக்கரங்களை ஒரே சட்டத்தில் மாற்றி மாட்டலாம். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் போய் டிஸ்க் பிரேக் வந்ததால், ரிம்மின் அகலம் மாறினாலும் பிரேக் கட்டைகளைத் திரும்பச் சீராக்க வேண்டியதில்லை. முக்கியமாக அச்சின் அகலமும் பல்சக்கரங்களின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். சில நேரம் டிஸ்க் உரசாமலிருக்க மெல்லிய வளையம் ஒன்று இடவேண்டியிருக்கும்.

இரண்டாவது ஜோடிக்குச் செலவழிக்க முடியாதவர் டயரை மட்டும் மாற்றுவார். சாலைக்கு 35 மில்லிமீட்டர் அகலமும் வழவழப்பும்; தோட்டத்துக்கு இரண்டே கால் அங்குலமும் கட்டைகளும். செம்பனை மட்டையின் முட்கள் டியூபைச் சும்மா விடுவதில்லை என்பதால், டியூப் இல்லாமல் உள்ளே பசைநீர் ஊற்றும் டயரைப் பலர் விரும்புகின்றனர். ஆனால் அந்தப் பசைநீரோடு டயரை அடிக்கடி கழற்றி மாட்டுவது கையெல்லாம் பிசுக்காகும் வேலை. அதனால்தான் அவ்வகை டயர் வைத்திருப்பவர்கள் பலர் கடைசியில் இன்னொரு ஜோடிச் சக்கரத்தை வாங்கிவிடுகின்றனர்.